இமை விழுந்தது என் ஊசியாலா?

புருவத்தைத் தூக்க எங்கே ஊசி போடுவது, எவ்வளவு மருந்து ஏற்றுவது என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு உங்களுக்குப் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன, வீடியோக்கள் இருக்கின்றன, குத்திப் பார்க்க ரப்பர் முகங்கள்கூட இருக்கின்றன. புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் அந்த விஷயத்தில் எனக்கே பாடம் எடுப்பீர்கள். எடுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது பயத்தைப் பற்றி.

நம் பயம் மற்ற மருத்துவர்களின் பயம் மாதிரி இல்லை. இதய மருத்துவரிடம் வருகிறவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறார். நம்மிடம் வருகிறவர் நன்றாக இருக்கும்போதே, நல்ல புடவை கட்டிக்கொண்டு, படியேறி வருகிறார். வரும்போது அவருக்கு ஒன்றுமில்லை. அதனால் போன பிறகு என்ன ஆனாலும் அது நம்மால் ஆனது. ஊரும் அப்படித்தான் நினைக்கும், நாமும் அப்படித்தான் நினைப்போம். ஊசி போட்ட அன்று ராத்திரி போன் அடித்தால், ஓய்வு பெறுகிற நாள்வரை, முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுத்தேன். பயப்படாதவர் யாராவது உங்களில் இருந்தால் தயவுசெய்து வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தப் பயமே கண்ணை மறைக்கும் என்று எனக்குக் காட்டியவர் கோமளா மாமி.

என் கிளினிக் தி. நகரில், பனகல் பார்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில், புடவைக் கடைகளுக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு மாடியில் இருந்தது. மாமி மயிலாப்பூர். குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புருவம் இரண்டும் வெளிப்பக்கமாக இறங்கி, கண்ணின் மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது. இயற்கையாகவே அமைந்த முகம், நோய் எதுவும் இல்லை. அதனால் வந்த வினையை அவரே சொன்னார்.

"பிள்ளை கல்யாண ஆல்பத்துல ஒரு படத்துலகூட நான் சிரிக்கலையாம் டாக்டர். நன்னாத்தான் சிரிச்சேன், ஆனா புருவம் தொங்கினா கோவமா இருக்கறாப்புல தெரியறது. சம்பந்தி ஆத்துல கேட்டுட்டா, உங்களுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலையான்னு. மாட்டுப்பொண்ணும் அதை நம்பிண்டிருக்கா. அதுகிட்டப் போய், எனக்கு மூஞ்சியே இப்படித்தாண்டீன்னு எத்தனை தடவை சொல்றது?"

அடுத்த வாரம் அவருக்கும் கணவருக்கும் அறுபதாம் கல்யாணம். மறுபடியும் சம்பந்திகள் வருவார்கள், மறுபடியும் படம் எடுப்பார்கள். கணவர் ராஜகோபாலன் சார் கூடவே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை.

"எனக்கு அறுபது ஆறது, இவளுக்கு ஊசி" என்றார்.

புருவம் என்பது ஒரு கயிறு இழுக்கும் போட்டி. நெற்றித் தசை மேலே இழுக்கிறது, கண்ணைச் சுற்றியிருக்கும் தசை கீழே இழுக்கிறது. கீழே இழுப்பவனைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் புருவம் தானாக மேலே போகும். ஊர் வாயில் போடாக்ஸ் என்று புழங்கும் ஊசி செய்வது இவ்வளவுதான். மருந்து போகக்கூடாத பக்கம் கசிந்து, இமையைத் தூக்கும் தசையையும் சேர்த்துத் தளர்த்திவிட்டால், கடை ஷட்டர் மாதிரி இமை பாதியில் இறங்கி நிற்கும். சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் அந்தச் சில வாரங்கள் நமக்கு நரகம்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போட்டேன். குறைவாகத்தான் போட்டேன். இரண்டு நாளைக்கு நெற்றியைத் தேய்க்கக் கூடாது, மசாஜ் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று போன் வந்தது. என்னோடு வேலை செய்த இளம் டாக்டர் எடுத்து, இந்த ஊசிக்குப் பிறகு தலைவலி சகஜம், மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். நான் எடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அறுபதாம் கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், முன்கூட்டிச் சொல்லாமல் இருவரும் வந்து நின்றார்கள். மாமியின் இடது இமை முழுக்க மூடியிருந்தது.

உங்களுக்கு இது என்றைக்காவது நடக்கும். அப்போது உள்ளே என்ன ஓடினாலும் முகம் மட்டும் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு "வாங்க, உட்காருங்க" என்று சொல்லும். எனக்கும் அப்படித்தான் ஆனது.

"காலம்பற எழுந்தா கண்ணு திறக்கலை டாக்டர். தலையும் விண்விண்ணுங்கறது" என்றார் மாமி.

"ஆத்துல ஊர்ப்பட்ட ஜனம் வந்து இறங்கியிருக்கு" என்றார் சார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நாளைக்குக் கார்த்தால இவ ஒத்தைக் கண்ணோட மணையில உக்காரணுமா? நீங்கதானே போட்டேள். நீங்களே சரி பண்ணிக் குடுத்துடுங்கோ."

என் மனம் பின்னோக்கி ஓடியது. ஊசியை இறக்கிப் போட்டுவிட்டேனா, மருந்து அதிகமாகிவிட்டதா, அவர் அசைந்தாரா, நான் அவசரப்பட்டேனா. மாமி எதிரே உட்கார்ந்திருக்கிறார், நானோ போன வியாழக்கிழமையில் இருக்கிறேன்.

அப்போது பரிமளா உள்ளே வந்தாள். ராயப்பேட்டைக்காரி, கிளினிக் ஆரம்பித்த நாளிலிருந்து என்னுடைய நர்ஸ். ஊசி போட்டுக்கொண்டு போகிறவர்கள் என்னிடம் மறைப்பதை அவளிடம் சொல்லிவிடுவார்கள்.

"மாமி, ஊசி போட்டுக்கினு போனீங்களே, மறுநா இன்னா பண்ணீங்க?"

"மறுநாள் வெள்ளிக்கிழமையோன்னோ, எண்ணெய் தேச்சுண்டேன்."

"யார் தேய்ச்சி வுட்டாங்க?"

"நாத்தனார் வந்திருந்தா. அவளுக்குக் கை கொஞ்சம் அழுத்தம்."

"மசாஜ் கூடாதுன்னு சொல்லிக்கீறோமே மாமி."

"மசாஜா? அதெல்லாம் பார்லர்ல பண்றது. நான் வாசல்படியே தாண்டலையே. ஆத்துல எண்ணெய்தானே தேச்சுண்டேன்."

பரிமளா என்னைப் பார்த்தாள். "மேட்டர் இதான் டாக்டர். நல்லா உச்சந்தலையிலேர்ந்து கண்ணு வரைக்கும் வழிச்சி வுட்டுக்கீறாங்க. மருந்து எறங்கிடுச்சி."

எனக்கு மூச்சு வந்தது. எவ்வளவு அழகாகப் பொருந்தியது பாருங்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், நாத்தனாரின் அழுத்தமான கை, மருந்து கசிந்துவிட்டது, தலைவலி ஊசியின் வழக்கமான தொந்தரவு, சில நாள் கழித்து இமை விழுவதும் கணக்குக்குச் சரி. தப்பு என் கையில்கூட இல்லை. நாத்தனார் என்ற ஒரு ஜீவன் இவ்வளவு உபயோகமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இமையைத் தற்காலிகமாகச் சற்றுத் தூக்கிவிட ஒரு சொட்டு மருந்து உண்டு. நாளைக் காலைப் படத்துக்கு ஓரளவு கண் திறந்தால் போதும் என்று சாரிடம் சொன்னேன். அவர் முகமும் தெளிந்தது. பரிமளா மருந்தைத் திறந்து என் கையில் கொடுத்தாள். மாமியை அண்ணாந்து பார்க்கச் சொல்லிவிட்டு, மூடிய இமையை விரலால் தூக்கினேன்.

"ஐயோ, ரெண்டா தெரியறேளே டாக்டர்" என்றார் மாமி.

சொட்டு விடப்போன கை அப்படியே நின்றது.

இமை மூடியிருந்தவரை அவருக்கு அது தெரியவில்லை. திறந்ததும் நான் இரண்டாகத் தெரிகிறேன். இமைத் தசை மட்டும் தளர்ந்திருந்தால் இப்படி ஆகாது. விளக்கை இழுத்துப் பார்த்தேன். இடது கண் நேராகப் பார்க்காமல் வெளிப்பக்கம் ஒதுங்கியிருந்தது. கருவிழியின் நடுவில் இருக்கிற பாவை, வெளிச்சம் பட்டதும் சுருங்க வேண்டியது, அசையாமல் அகலமாகக் கிடந்தது. நம் ஊர்க் கண்களில் கருவிழியே கறுப்பு. பாவை எங்கே முடிகிறது, விழி எங்கே தொடங்குகிறது என்று வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோனால்தான் தெரியும். மூடிய இமையைத் தூர நின்று பார்த்தே முடிவு கட்டிய எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அந்தச் சொட்டு மருந்துக்கே பாவையைச் சற்று விரிக்கும் குணம் உண்டு. முதலில் விட்டுவிட்டுப் பிறகு பார்த்திருந்தால், மருந்தால்தான் விரிந்திருக்கிறது என்று சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

வெளியே போய், படிக்கிற காலத்திலிருந்தே பழக்கமான நரம்பு மருத்துவர் ஒருவரை போனில் பிடித்தேன். பாதி சொல்வதற்குள் அவர் குறுக்கிட்டார்.

"பாவை விரிஞ்சிருக்கா? அப்புறம் எதுக்கு என்கூடப் பேசிக்கிட்டு நிக்கிற? கூட்டிக்கிட்டு வா."

மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்று குமிழ் மாதிரி வீங்கி, கண்ணை ஆட்டுவிக்கும் நரம்பை அழுத்தினால் இப்படித்தான் ஆகும். குமிழ் வெடித்தால் பல நேரம் ஆஸ்பத்திரி போய்ச் சேரவே அவகாசம் இருக்காது.

உள்ளே வந்து, உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றேன். இனி நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

ராஜகோபாலன் சார் எழுந்திருக்கவில்லை. "இத்தனை நாழி எண்ணெய், நாத்தனார்னேள். இப்ப மூளைங்கறேள்" என்றார். "டாக்டர், நான் ஆபீஸ்ல முப்பது வருஷம் ஆடிட் பாத்தவன். தப்பு பண்ணினவா பெரிசா இன்னொண்ணைக் காட்டித் திசை திருப்புவா. உங்க ஊசியில வந்த கோளாறை மறைக்க எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேளா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. அவர் சொன்னது நியாயம்தான். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். உள்ளுக்குள் இன்னொரு குரல் வேறு: ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால்? ஊசி போட்டு இமையையும் இறக்கிவிட்டு, அறுபதாம் கல்யாணத்தையும் நிறுத்திவிட்டவள் என்று மயிலாப்பூர் முழுக்கப் பேசும். சொட்டு மருந்தை விட்டு அனுப்பு, நாளை மறுநாள் ஸ்கேன் எடுக்கச் சொல், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று அந்தக் குரல் நைச்சியமாகச் சொன்னது. அது என் குரல்தான். உங்களுக்கும் அது கேட்கும். மிகவும் நாகரிகமாகப் பேசும், ஜாக்கிரதை.

"சார், என் ஊசியாலதான்னே வெச்சுக்குங்க" என்றேன். "நாளைக்கு மண்டபத்துக்கு வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன். அதைப் பத்தி இப்ப சண்டை வேண்டாம். இங்க வாங்க, உங்க போன் டார்ச்சைப் போடுங்க. மொதல்ல வலது கண்ணுல அடிங்க."

தயங்கித் தயங்கி வந்தார். வலது கண்ணில் வெளிச்சம் பட்டதும் பாவை சட்டென்று சுருங்கியது. நான் இடது இமையைத் தூக்கிப் பிடித்தேன். டார்ச்சை அடித்தார். கிட்டே கொண்டுபோனார். மறுபடி வலது, மறுபடி இடது. இடது பாவை அசையவே இல்லை. டார்ச்சை அணைத்தார்.

"கோமு" என்றார் மனைவியிடம். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்."

"நாளைக்கு மணையில உக்காரணுமே" என்றார் மாமி.

"மணை எங்க போறது. எழுந்திரு."

பரிமளா அதற்குள் கீழே போய்த் தெருவில் ஒரு காரை நிறுத்தியிருந்தாள். குறுக்கே நின்ற பூ வண்டிக்காரரிடம் அவள் பேசிய பேச்சை அச்சில் ஏற்ற முடியாது. நானும் ஏறிக்கொண்டேன். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட சாலையில் கார் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது நான் மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு முறை இருமினார். எனக்கு உயிர் போய் வந்தது. அவரோ, மண்டபத்துச் சமையல்காரரிடம் காலை டிபனுக்குக் கொத்சு வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டதாகக் கவலைப்பட்டுக்கொண்டு வந்தார்.

ஸ்கேன் அறை வாசலில் நானும் சாரும் நின்றோம். அங்கே நின்றபோது என் மனதில் ஓடியதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஓடும். ஸ்கேனில் ஏதாவது இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். இருந்தால் என் ஊசி தப்பித்தது. ஒரு மனுஷியின் தலைக்குள் வெடிக்கக் காத்திருக்கும் குமிழ் இருக்க வேண்டும் என்று, அவர் புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டே வேண்டிக்கொண்டேன். உறைத்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

குமிழ் இருந்தது. நரம்பு மருத்துவ நண்பர் வெளியே வந்து சொன்னார். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. அந்த வரிசையை நான் மறந்ததே இல்லை.

மறுநாள் முகூர்த்த நேரத்தில், தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு அந்தக் குமிழை அடைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் பட்டு வேஷ்டியோடு சார் உட்கார்ந்திருந்தார். மாற்றுத் துணி கேட்டதற்கு, முகூர்த்தத்துக்கு எடுத்துவைத்ததையே வீட்டிலிருந்து கொண்டுவந்துவிட்டார்கள் போலிருக்கிறது. மண்டபத்திலிருந்து சமையல்காரர் போன் செய்து சாப்பாட்டை என்ன செய்வது என்று கேட்டார்.

"வந்தவாளுக்குப் போட்டுடுங்கோ" என்றார் சார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க ஏதாவது சாப்பிட்டேளா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். மாமிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவர் பயந்து எழுந்து நின்றுவிட்டார், பாவம்.

மாமி பிழைத்தார். இமை மெல்ல மெல்ல ஏறச் சில மாதங்கள் ஆயின. அதன் பிறகு கோயிலிலேயே நாலு பேரோடு தாலி கட்டிக்கொண்டார்களாம்.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்று கேட்டால், இமை விழுந்த ஒவ்வொருவரையும் ஸ்கேனுக்கு அனுப்பச் சொல்லவில்லை. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது நம் ஊசிதான், பொறுத்தால் சரியாகும். நான் சொல்வது வேறு. பயந்த மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தன்னையே பார்க்க ஆரம்பிக்கிறார். 'என் தப்பா, இல்லையா' என்று கேட்டுக்கொண்டே இருப்பவருக்கு, எதிரில் இருப்பவருக்கு என்ன ஆகிறது என்று கேட்க நேரமே இருப்பதில்லை. பழியை ஏற்றுக்கொள்வதும் தன்னைப் பற்றிய நினைப்புதான், பழியிலிருந்து தப்பிப்பதும் தன்னைப் பற்றிய நினைப்புதான். நான் அன்று மத்தியானம் இரண்டையும் செய்தேன். இரண்டு முறையும் மாமியின் கண்ணை நான் பார்க்கவில்லை. எல்லாம் அச்சாகப் பொருந்துகிற காரணம் ஒன்று கையில் கிடைத்தால், மருந்துப் புட்டியைக் கீழே வையுங்கள். வெளிச்சத்தை எடுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு முன் ஊசி கேட்டு வருகிறவர்களிடம் எண்ணெய்க் குளியலைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மசாஜ் என்று கேட்டால் பதில் வராது.

போன மாதம் திருவான்மியூர் கடற்கரையில் காலை நடைக்குப் போயிருந்தேன். எதிரே ராஜகோபாலன் சார், நடைத் தோழர்கள் இருவரோடு வந்தார். பக்கத்தில் மகன் வீட்டோடு வந்துவிட்டார்களாம். என்னைக் கண்டதும் மலர்ந்து கையெடுத்துக் கும்பிட்டார். நண்பர்களிடம் திரும்பி, "சொல்வேனே, அந்த டாக்டர் இவாதான். இவா போட்ட ஊசியிலதான் கோமுவுக்கு மூளையில ரத்தக்குழாய் வீங்கிப்போச்சு. ஆனா தங்கமான மனுஷி, கடைசி வரைக்கும் கூட நின்னா" என்றார்.

அந்தக் குமிழ் பல வருஷமாக உள்ளே இருந்திருக்கும், ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று என் நண்பர் அன்றே படம் போட்டு அவருக்கு விளக்கியிருந்தார். சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தார். இப்போது தோழர்கள் இருவரும் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"அப்படி இல்லை சார், அந்தக் குமிழ் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

முன்னால் வெகுதூரம் போய்விட்டிருந்த மாமி திரும்பி நின்று இடுப்பில் கை வைத்தார். "அங்க என்ன பேச்சு? வெயில் ஏறறது, வாங்கோ."

"இதோ வந்துட்டேன்" என்று சார் ஓடினார். நான் மிச்சத்தைச் சொல்லவில்லை. அவர் அவசரத்தில் இருந்தார், மனைவி கூப்பிடுகிறார்.